கேக்கில் கை நனைத்த விவரம்

எலப்புள்ளி,
ஐப்பசி 20, வியாழக்கிழமை பிற்பகல்.

நாட்டிங்ஹாமில் இருக்கும் அருமை மச்சான் கோபிநாத் அவர்களுக்கு, உங்கள் அக்காள் மருதாத்தாளின் வீட்டுக்காரன் குப்பண்ணன் எழுதிக்கொள்ளும் விவரமாவது: இங்கே நான் நீங்கலாக அனைவரும் நலம். உங்கள் அக்காள் நலம். உங்கள் மருமகள், எங்கள் மகள் யோகப்பிரியா நலம். பாலக்காட்டு மருந்துக்கடை வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாள். செவலை மாடு சென்ற வாரம் கிடாரி போட்டது, இரண்டும் நலம். மழை போதும் என்கிற அளவுக்குப் பெய்துவிட்டு இன்னும் நிற்காமல் பெய்கிறது. அங்கே நீங்களும் பிள்ளைகளும் அந்த ஊர்க் குளிரைத் தாங்கி நல்லபடியாக இருக்க மாரியம்மன் துணை நிற்க வேண்டும்.

முதற்கண் ஒரு வேண்டுகோள். டிவியில் வரும் கேக் போட்டியின் இறுதிச் சுற்றில் யார் ஜெயித்தார்கள் என்பதைத் தயவுசெய்து எனக்குச் சொல்லிவிட வேண்டாம். அங்கே அது ஓடி முடிந்திருக்கும். நான் இன்னும் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

போன் கையில் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று உங்களுக்குத் தோன்றும். நான் போனில் பேசினால் வளவு முழுக்கக் கேட்கும், என் குரல்வாகு அப்படி. வாட்ஸாப்பில் எழுதலாமென்றால், என் போனின் பூட்டை உங்கள் அக்காள் என்னைவிட வேகமாகத் திறக்கிறாள். ஆகவே, நெல் விவசாயிகளின் பாடசேகர சமிதிச் செயலாளராகப் பதினான்கு வருஷம் கிருஷி பவன் விவசாய ஆபீசுக்கு மனு எழுதிய பழக்கத்தில் காகிதத்தில் எழுதி, அக்ஷயா சென்டர் பிஜுவிடம் கொடுத்து, ஸ்கேன் செய்து உங்கள் ஈமெயிலுக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன். பிஜுவுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அக்காள் குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள். அவள் திரும்புவதற்குள் இதை முடித்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் மூலகாரணம் நீங்கள்தான் மச்சான், குறையாகச் சொல்லவில்லை. போன வருஷம் ஆனி மாசம் லீவில் வந்தபோது, "அக்கா, எங்க ஊர்ல எல்லாரும் இதத்தான் பாக்கறாங்க" என்று டிவியில் அந்த நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டி, நீங்கள் போன பிறகும் வரும்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போனீர்கள். "முட்டை அடிக்கறதுக்கு ஒரு போட்டி, அதுக்கு ஒரு கொட்டாய்" என்று சொல்லிவிட்டு முதல் நாள் எழுந்து போனவன் நான்தான். மூன்றாம் நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வரும்போது, டெரன்ஸ் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர் ரொட்டியை ஓவனுக்குள் வைத்துவிட்டு அதன் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்து உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். நாற்று விட்டவன் வரப்பில் உட்கார்ந்திருப்பதைப் போலவே இருந்தது. அந்த ரொட்டி என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு போகலாமென்று நானும் உட்கார்ந்தேன். அன்று உட்கார்ந்ததுதான், பதினாறு மாசமாகச் சாயங்காலம் ஆறரைக்கு விளக்கு வைத்ததும் உங்கள் அக்காளும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய சுற்றுகள் புதிய சுற்றுகள் எல்லாவற்றையும் பார்த்துத் தீர்த்துவிட்டோம். வீட்டில் ஓவன் கிடையாது. செய்கிற எண்ணமும் எங்களுக்கு ஒருநாளும் வந்ததில்லை, தின்கிற ஆசைகூட அவ்வளவாக இல்லை, பார்ப்பது மட்டும்தான். ஆரம்பத்தில் யோகப்பிரியா அவர்கள் பேச்சைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அது தேவைப்படவில்லை. மாவு உப்பாமல் போனால் எந்தப் பாஷையிலும் உப்பாததுதான்.

டெரன்ஸை ஆறாவது வாரம் அனுப்பி விடுவார்களோ என்ற நிலை வந்தபோது உங்கள் அக்காள் மாரியம்மன் கோயிலில் அவர் பேருக்கு அர்ச்சனை வைத்தது உங்களுக்குத் தெரியாது. பூசாரி நட்சத்திரம் கேட்டிருக்கிறார். "அதுதானுங்க தெரியல, அந்தூர்ல என்னேரமும் மழைங்க, நட்சத்திரம் யாரு கண்ணுக்குத் தெரியப்போகுது, சும்மா பேரைச் சொல்லிப் பண்ணுங்க" என்று சொல்லிப் பிரசாதம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அப்படியும் ஏழாவது வாரம் அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரி எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

இனி என் மேல் உள்ள குற்றத்துக்கு வருகிறேன். அந்த நிகழ்ச்சியில் உயரமாக, சிரிக்காமல் ஒரு நடுவர் வருகிறாரல்லவா, அவர் பலகாரத்தை விரலால் ஒரு அழுத்து அழுத்துவார், குறுக்கே வெட்டுவார், துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பார், மெதுவாக மெல்லுவார், மூன்றே வார்த்தை சொல்லுவார். அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. எனக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. சமிதியில் பதினான்கு வருஷம் நான் சொன்ன ஒரு சொல்லையும் யாரும் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. அதனால் என்னை அறியாமலே எனக்கும் அந்தக் கைப்பழக்கம் வந்துவிட்டது. இட்லியைத் திருப்பிப் பார்த்தேன். பணியாரத்தைப் பிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "ஏனுங்க, திருப்பிப் பாக்கறதா இருந்தா நாளையிலிருந்து நீங்களே மாவாட்டிக்கோங்க" என்று அக்காள் சொன்ன பிறகு வீட்டில் நிறுத்திக்கொண்டு, பேக்கரி ஜிஜோவிடம் போய் முட்டை பஃப்ஸைப் பாதியாக வெட்டிக் காட்டச் சொன்னேன். "சேட்டா, இது போட்டியொண்ணும் இல்ல, சாயாவோட கடிக்கிறது" என்று அவன் சொன்னான். ஆனாலும் வெட்டிக் காட்டினான், நல்ல பையன்.

இப்படி இருக்கும்போதுதான் யோகப்பிரியாவுக்குக் கொழிஞ்சாம்பாறை வரன் வந்தது. பையன் நவீன்குமார், கஞ்சிக்கோட்டில் ஒரு இயந்திரக் கம்பெனியில் சூப்பர்வைசர். தகப்பனார் இல்லை. அம்மா பொன்னாத்தாள், நல்ல மனுஷி. பையனின் தாய்மாமன் வீரபாண்டிதான் முன்னால் நின்று பேசுகிறவர். பொருத்தம் பார்த்தாயிற்று, அவர்கள் வந்து பெண்ணையும் பார்த்தாயிற்று. யோகப்பிரியா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போன பிறகு நாலு டம்ளரையும் அவளாகவே எடுத்துக் கழுவி வைத்தாள். நம்ம பிள்ளை கேட்காமல் டம்ளர் கழுவினால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அடுத்தபடியாக நாங்கள் அவர்கள் வீட்டைப் பார்க்கப் போக வேண்டிய முறை. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு போனோம்.

ஒன்பது வருஷமாக அங்கே இருக்கிறீர்கள் என்பதால் நம் பக்கத்து முறையை ஒரு வரி நினைவூட்டுகிறேன். வீடு பார்க்கப் போகிற இடத்தில் தண்ணீர் குடிக்கலாம். அவர்கள் வைக்கிற பலகாரத்தில் கை வைத்தால் கை நனைத்ததாகக் கணக்கு. இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் ஒரு வார்த்தை சரியென்று சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தாய்மாமன் நீங்கள். உங்கள் அக்காள் காலையில் எழுந்ததிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "தண்ணி குடிங்க, நாலு வார்த்தை பேசுங்க, எந்திரிச்சு வாங்க. எந்தம்பி வாயில இருந்து ஒரு சொல்லு வராம என்ற புள்ளைக்கு ஒண்ணும் முடிவாகக் கூடாது. இந்த ஒரு நாளைக்கு உங்க கைய மடியிலயே வெச்சுக்கோங்க." நான் சரியென்று தலையாட்டினேன். மனசார ஆட்டினேன் மச்சான், அதில் பொய்யில்லை.

ஜிஜோவின் காரில் போனோம். அவர்கள் வீடு சுத்தமாக இருந்தது, கிணற்றில் தண்ணீர் மேலேயே கிடந்தது, பேச்சும் மரியாதையாக இருந்தது. தண்ணீர் வந்தது, குடித்தோம். பிறகு பொன்னாத்தாள் ஒரு தட்டில் முறுக்கும் இன்னொரு தட்டில் கேசரியும் கொண்டுவந்து வைத்தார். என் கை மடியிலேயே இருந்தது. மூன்றாவதாக ஒரு கண்ணாடித் தட்டு வந்தது. அதில் கேக். கடைக் கேக் இல்லை, மேலே பூவும் பேரும் எழுதிய கேக் இல்லை. வீட்டில் செய்த, இரண்டு அடுக்கு வைத்த, நடுவில் கருஞ்சிவப்பாக எதுவோ பூசிய, மேலே லேசாகச் சர்க்கரை தூவிய கேக். பதினாறு மாசமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மட்டுமே பார்த்த சாமான், முழங்கை தூரத்தில், ஏலக்காய் வாசத்தோடு. உங்கள் அக்காளின் மூச்சும் ஒரு கணம் நின்றதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அதை அவள் இப்போது ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நான் தின்பதற்காகக் கை நீட்டவில்லை. சத்தியமாகப் பரிசோதனைக்காக நீட்டினேன். முதலில் விரலால் ஒரு அழுத்து, மேல்பாகம் எழும்பி வந்தது, நன்று. அங்கே கிடந்த கத்தியால் ஒரு துண்டு போட்டேன். தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்கு ஈரம், நிறமும் கருத்திருந்தது. வாயில் போட்டு மெதுவாக மென்றேன். எங்கேயோ நெடுநாள் தின்ற ருசி போலவும் இருந்தது, ஆனால் நடுவர் என்றால் ஞாபகத்தை நம்பக் கூடாது, நாக்கைத்தான் நம்ப வேண்டும். வீரபாண்டி எழுந்து நின்றுவிட்டார். "அப்பறமென்னுங்க, சம்பந்தி கை நனைச்சுப்போட்டாருங்க" என்று அவர் சொல்ல, பொன்னாத்தாள் முகமெல்லாம் சிரிப்பாகி அடுப்பங்கரைப் பக்கம் திரும்ப, அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்து, "அடி வேகலைங்க. இன்னும் நாலு நிமிசம் உள்ள இருந்திருக்கோணும்" என்றேன்.

அதாவது, ஒரே வாயில் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டு அதே வாயில் சம்பந்தியையும் குறை சொல்லியாயிற்று. பொன்னாத்தாள் அப்படியே நின்றார். மூலையில் நின்ற நவீன்குமார் மெதுவாக, "அது நான் செஞ்சதுங்க மாமா" என்றான். பையனும் அந்த நிகழ்ச்சியைத்தான் பார்க்கிறானாம். ஒரு ஓவனை வாங்கி வைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கிறானாம். அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தில், நான் சொன்னது அவன் மனதில் எங்கே போய் விழுந்தது என்று பார்க்காமல், டெரன்ஸை அனுப்பியது நியாயமா என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவனும் பேசினான், ஆனால் கண் அந்தக் கேக்கின் மேலேயே இருந்தது. உங்கள் அக்காள் கையை மடியில் வைத்தபடி கடைசி வரை உட்கார்ந்திருந்தாள். புறப்படும்போது பொன்னாத்தாள் எதையோ அவள் கையில் கொடுத்து ஏதோ சொன்னார், நான் வண்டிக்குப் போய்விட்டேன்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எலப்புள்ளி வரை நான் முன்சீட்டில் ஜிஜோவுக்கு டெரன்ஸின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பின்சீட்டில் உங்கள் அக்காள் ஒரு வார்த்தை பேசவில்லை. "என்ன மருதா, வீடு புடிச்சுதா?" என்று திரும்பாமலே கேட்டேன். ம் என்றுகூடச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவள் அத்தனை தூரம் பேசாமல் வந்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து பதினொரு நாளாக, சோறு வைக்கிறாள், எடுக்கிறாள், பேச்சில்லை. ஆறரைக்கு ரிமோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். வெளியே மாட்டுச்சாலையில் நிற்கிற எனக்கு டிவியில் அவர்கள் கைதட்டுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. இறுதிச் சுற்றை நான் இல்லாமல் பார்த்து முடித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது மச்சான், உங்களிடம் சொல்வதற்கென்ன.

முந்தாநாள் யோகப்பிரியா மாட்டுச்சாலைக்கு வந்தாள். "அப்பா, அந்தக் கேக்கு நெஜமா நல்லா இல்லீங்களா?" என்று கேட்டாள். பிள்ளையிடம் பொய் சொல்லக் கூடாதென்று, "மேல நல்லாருந்துது அம்மிணி, அடிதான் வேகல" என்றேன். மாட்டுக்கு ஒரு கை புல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். நேற்று வீரபாண்டி போன் செய்தார். "கை நனைச்சுப்போட்டுப் போனீங்க, பொறவு ஒரு தாக்கலும் இல்லீங்களே. உப்புச்சர்க்கரை மாத்தி நிச்சயம் பண்ற தேதிய ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லிப்போடுங்க. இல்லீனா எங்களுக்கும் நாலு எடத்துல கேக்கறாங்க" என்றார். நான் தேதி சொன்னால் உங்கள் அக்காள் ஒப்பமாட்டாள். சொல்லாவிட்டால் கை நனைத்துவிட்டுப் பின்வாங்கினவன் என்ற பேர் எலப்புள்ளியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வரை நிற்கும், பிள்ளைக்கு மனசுக்குப் பிடித்த இடமும் போய்விடும். எனக்குப் பயமாக இருக்கிறது. என்னுடைய நாக்கினால் அவளுக்கு ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது.

ஆகவே தாய்மாமன் சமூகத்துக்கு என் மனு யாதெனில்: இந்தக் கடிதம் கண்டவுடன் அக்காளுக்குப் போன் செய்து, "மாமா போறதுக்கு முன்னாடியே என்கிட்ட கேட்டாரு, நான்தான் சாப்பிடச் சொன்னேன்" என்று ஒரு சிறு பொய் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பொய். உங்கள் சொல் முன்னால் வந்துவிட்டால் என் கை பின்னால் நனைந்ததாக ஆகிவிடும், முறையும் கெடாது. ஆனால் அடி வேகவில்லை என்று நான் சொன்னதை மட்டும் திரும்பப் பெற முடியாது. அது உண்மை. மேற்படி கேக்கின் அடி வேகவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

உங்கள் வீட்டில் உலையும் ஓவனும் குறையில்லாமல் எரிய, பிள்ளைகள் இருமல் சளி இல்லாமல் பள்ளிக்கூடம் போய்வர, தை மாசம் நீங்கள் குடும்பத்தோடு நல்லபடியாக ஊர் வந்து சேர, மூத்தவன் என்ற முறையில் மனசார ஆசீர்வாதம் செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேல் பாரத்தைப் போட்டிருக்கும்
குப்பண்ணன்.

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டு மடிக்கும்போது உங்கள் அக்காள் வந்துவிட்டாள். கையிலிருந்து வாங்கி நின்றபடியே நாலு தாளையும் படித்தாள். பதினான்காவது வரியிலிருந்தே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் போனது குடும்பஸ்ரீ கூட்டத்துக்கு இல்லையாம், கொழிஞ்சாம்பாறைக்காம். தை மாசம் நீங்கள் வந்ததும் உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்வதாகப் பேசி, அங்கேயே சோறும் தின்று கை நனைத்துவிட்டு வந்திருக்கிறாள். பொன்னாத்தாள் அன்று அவள் கையில் கொடுத்தது, பெண்ணுக்கென்று ஒரு டப்பாவில் வைத்த கேக்காம். வரும் வழியில் பின்சீட்டில் அதில் பாதியைத் தின்றுகொண்டு வந்திருக்கிறாள். அவள் பேசாமல் வந்ததற்குக் காரணம் வாய் நிறையக் கேக் இருந்ததுதான். ஜிஜோ கண்ணாடியில் பார்த்திருக்கிறான், அவனும் சொல்லவில்லை. முறை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "அவிய ஊட்டு வாசலத் தாண்டிப்போட்டுத் தின்னா அது கை நனைச்சதுல சேராதுங்க" என்கிறாள். மீதிப் பாதியை யோகப்பிரியா தின்றுவிட்டு, அன்றைக்கே இரண்டு பேரும் உங்களுக்குப் போன் செய்து சம்மதமும் வாங்கிவிட்டார்களாம். அப்படியானால் பதினொரு நாளாக என் காலை வணக்கப் படத்துக்கு நீங்கள் கைகூப்பிப் பதில் போட்டதெல்லாம் எந்த மனதோடு என்று தை மாசம் நேரில் கேட்டுக்கொள்கிறேன். வீரபாண்டியின் போனும் இவள் சொல்லிக்கொடுத்ததுதானாம்.

பிறகு எதற்கு இத்தனை நாள் பேசாமல் இருந்தாய் என்றேன். இன்று வாங்கிவந்த டப்பாவைத் திறந்து ஒரு துண்டை என் கையில் வைத்து, "இப்ப நல்லா மென்னுபோட்டுச் சொல்லுங்க" என்றாள். மென்றேன். சக்க வரட்டி மச்சான். பலாப்பழத்தை வெல்லம் போட்டுக் கிண்டி, வைகாசி தவறாமல் அவளே உருளியில் செய்து எனக்கு முப்பத்தைந்து வருஷமாகப் போடுகிற அதே சக்க வரட்டி. நடுவில் பூசியது அடியில் இறங்கி ஊறியிருக்கிறது. அதைத்தான் நான் வேகவில்லை என்றேன். "அந்த நவீன் புள்ள பொறவு நாலு தடவ செஞ்சு பாத்துச்சாம், நாலு நிமிசம் கூட வெச்சு. நாலும் அடி கருகிப்போச்சாம். அது மனசு என்ன பாடு பட்டிருக்கும்? அதுக்குத்தான் பேசல" என்றாள். ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறை போய், அதே கூடத்தில், எல்லோர் முன்னாலும் நவீன்குமாரிடம் என் தீர்ப்பைத் திரும்பப் பெறப் போகிறேன். நீங்கள் பொய் சொல்ல வேண்டியதில்லை. எழுதின தாளை வீணாக்க மனமில்லாமல் இதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

கடைசியாக, இறுதிச் சுற்றில் யார் ஜெயித்தார்கள் என்று அவளையாவது கேட்கலாமென்று கேட்டேன். அவள் பார்க்கவில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்ததெல்லாம் டெரன்ஸ் வந்த பழைய சுற்றாம். "நீங்க பக்கத்துல இல்லாம நானொருத்தி பாத்து என்ன பண்றது, அடி வெந்துச்சா வேகலையான்னு யாருகிட்டச் சண்டை போடறது" என்றாள். மணி ஆறரை ஆகிறது, விளக்கு வைத்துவிட்டாள். கடிதத்தை நாளைக்கு பிஜுவிடம் கொடுத்துக்கொள்கிறேன்.